முடிந்த வரிக்கணக்கும் முடியாத அதிகாரமும்

பெரிய கம்பெனி ஒன்றின் பழைய வரி நிர்ணயத்தை மீண்டும் திறப்பதற்காக வருமானவரி இலாகா அனுப்பிய நோட்டீஸை ஹைகோர்ட்டு ரத்து செய்துவிட்டது என்ற செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம், அதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் மனத்தில் ஒரே எண்ணந்தான் எழுகிறது. செலுத்த வேண்டிய வரியைச் செலுத்தாமல், காலவரம்பு என்றும் முறைப்பிழை என்றும் ஏதோ ஒரு சட்ட நுணுக்கத்தைக் காட்டி, பணம் படைத்தவன் தப்பித்துக்கொண்டான் என்பதே அது. இந்த எண்ணம் சட்டம் அறியாத ஜனங்களோடு நின்றுவிடவில்லை. நன்கு படித்தவர்கள் இதை மேடையில் பேசுகிறார்கள். பொருளாதாரம் பயின்றவர்கள் இதை எழுதுகிறார்கள். சட்டசபைகளிலும் இதன் எதிரொலியைக் கேட்கிறோம்.

அவர்கள் சொல்வதை அதன் முழு வலிமையோடு எடுத்துக்காட்டிவிட்டே மறுக்க வேண்டும். வரி என்பது ராஜ்யத்துக்கும் பிரஜைக்கும் இடையே பேரம் பேசி முடிக்கும் வியாபாரம் அன்று; சட்டப்படி சேரவேண்டிய தொகை எந்நாளும் சேரவேண்டியதே; முதல் தடவை கணக்கைப் பார்த்த அதிகாரி கவனிக்கத் தவறினார் என்றால் அது பொதுஜனங்களின் குற்றமாகாது; பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டிய பணம் ஓர் அதிகாரியின் அசதியால் கம்பெனியின் பெட்டியிலேயே தங்கிவிடுவது தர்மமாகாது; கணக்கில் கள்ளமில்லாதவன் இரண்டாம் தடவை பார்ப்பதற்கு ஏன் அஞ்ச வேண்டும்? இவ்வளவும் அவர்கள் கேட்பவை. கேட்கும்போது நியாயமாகவே தொனிக்கின்றன.

இந்த வாதத்துக்கு அடியில் இருக்கும் தர்ம உணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஆனால் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. முடிந்துபோன வரி நிர்ணயத்தை மீண்டும் திறக்கும் அதிகாரத்துக்குச் சட்டம் போட்டிருக்கும் எல்லைகள் தந்திரசாலிகளுக்காக வைத்த சந்துவழிகள் அல்ல. உண்மையைச் சொன்னவனையும் மறைத்தவனையும் பிரித்துக் காட்டும் ஒரே கோடு அவைதாம் என்பதும், அந்தக் கோட்டை அழித்தால் முதலில் நஷ்டப்படுவது கஜானாவே என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

அந்தக் கோடு எப்படி வந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1922-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, நிர்ணயத்துக்குத் தப்பிய வருமானத்தைப் பிடிப்பதற்கு ஓராண்டு அவகாசம் மட்டுமே முதலில் தந்தது. 1939-ல் அவகாசம் நீண்டது. ஆனால் அதோடு, திட்டமான தகவல் கைக்கு வந்து அதன் பயனாக அதிகாரி விஷயத்தைக் கண்டுபிடித்தால்தான் கணக்கைத் திறக்கலாம் என்ற நிபந்தனையும் புகுந்தது. பிறகு யுத்தம் வந்தது. யுத்தகாலத்துக் கறுப்புச் சந்தையில் குவிந்த லாபங்கள் நாட்டின் மனச்சாட்சியை உறுத்தின. சென்னை ஹைகோர்ட்டிலும் பின்பு பெடரல் கோர்ட்டிலும் நீதிபதியாக இருந்த ஸ்ரீநிவாச வரதாசாரியாரின் தலைமையில் 1947-ல் வருமானவரி விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. அடுத்த ஆண்டில் 34-ஆவது பிரிவு புதிதாகத் திருத்தி எழுதப்பட்டது. வரி ஏய்ப்பவர்கள் மீது நாடு முழுவதும் கோபம் கொண்டிருந்த அந்தச் சமயத்தில், கணக்குகளை எப்போது வேண்டுமானாலும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கலாம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடியவர் எவரும் இல்லை. ஆனால் சட்டம் இயற்றியவர்கள் அப்படி எழுதவில்லை. முக்கியமான உண்மைகளைப் பூரணமாகவும் யதார்த்தமாகவும் வெளியிடத் தவறியவனுக்கு எட்டு ஆண்டு. வெளியிட்டிருந்தும் வேறு தகவலின் பேரில் வருமானம் தப்பியதாகத் தெரியவந்தால் நான்கே ஆண்டு என்று பிரித்து எழுதினார்கள். அதிகாரி தம் காரணங்களை எழுதி வைக்க வேண்டும் என்றும், கமிஷனர் அவற்றைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டும் என்றும் சேர்த்தார்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் மறைத்தவனைத் தொடரும் காலத்தை, தப்பிய தொகை 50,000 ரூபாய்க்குக் குறையாவிட்டால், 16 ஆண்டு வரை என்று வகுத்தது. அப்போதுங்கூட மறைக்காதவனுக்குரிய நான்காண்டு எல்லையில் அது கை வைக்கவில்லை. ஏய்ப்பின் மீது கடுங்கோபம் கொண்ட ஒரு தலைமுறையே பாதுகாத்த கோடு இது.

கோட்டின் பொருளை விளங்க வைத்தது கல்கத்தா டிஸ்கவுண்ட் கம்பெனியின் வழக்கு. 1942-43 முதல் மூன்று வரி நிர்ணய ஆண்டுகளில் அந்தக் கம்பெனி பங்குகளை விற்று லாபம் அடைந்திருந்தது. விற்ற விவரம் கணக்கில் இருந்தது. கணக்கு அதிகாரியின் முன் இருந்தது. அந்த லாபம் முதலீட்டை மாற்றியதால் வந்ததேயன்றி வியாபார லாபம் அன்று என்ற அடிப்படையில் நிர்ணயமும் முடிந்திருந்தது. 1951-ல் இலாகா அதே விற்பனைகளைப் பங்கு வியாபாரம் என்று கருதத் தொடங்கியது. நான்காண்டு கடந்துபோயிருந்தமையால், கம்பெனி உண்மையை வெளியிடவில்லை என்று சொல்லியே நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. எதை வெளியிடவில்லை என்று கேட்டபோது, பங்குகளை விற்றதில் தனக்கிருந்த உண்மையான நோக்கம் வியாபாரமே என்பதை வெளியிடவில்லை என்று பதில் வந்தது. கல்கத்தா ஹைகோர்ட்டின் தனி நீதிபதி கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தார். அப்பீலில் அது மாறியது. சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் கேட்டு, 1960 நவம்பரில் மூவர் கம்பெனிக்கு இணங்கவும் இருவர் அதற்கு மாறாகவும் தீர்ப்புக் கூறினர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தாஸ் குப்தா. அதோடு இணங்கியவர்களில் ஒருவர் நம் சென்னையிலிருந்து சென்ற ராஜகோபால அய்யங்கார்.

தீர்ப்பின் சாரம் மிகத் தெளிவானது. அடிப்படை உண்மைகளை அதிகாரியின் முன் வைப்பதே வரி செலுத்துகிறவனுடைய கடமை. அந்த உண்மைகளிலிருந்து எந்த முடிவுக்கு வரவேண்டும் என்று அதிகாரிக்குப் பாடம் சொல்வது அவனுடைய கடமை ஆகாது. இத்தனை பங்குகள், இன்ன தேதியில், இன்ன விலைக்கு விற்றேன் என்பது உண்மை. ஆகையால் நான் பங்கு வியாபாரி என்பது அனுமானம். அனுமானிப்பதற்காகவே சர்க்கார் அதிகாரிக்குச் சம்பளம் கொடுக்கிறது. அவர் அனுமானித்தது பிசகு என்று பிற்காலத்தில் தோன்றினால், உண்மைகளைச் சொன்னவனை மறைத்தவன் என்று பெயர் மாற்றி அழைப்பதனால் அந்தப் பிசகு நேராகிவிடாது. இன்னொன்றையும் அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. அதிகாரமில்லாமல் தொடங்கிய நடவடிக்கையை, முழுதும் நடக்கவிட்டுப் பிறகு அப்பீல் செய்துகொள் என்று சொல்லாமல், வாசலிலேயே ரிட் மூலம் தடுக்கலாம் என்பதே அது. சட்ட நுணுக்கம் என்று இகழப்படுகிற பரிகாரம் இதுதான். வரம்பு மீறிய நடவடிக்கையால் வரும் அலைச்சலே ஒரு தண்டனை என்பதை உணர்ந்த நீதிபதிகள் கொடுத்த பரிகாரம் இது.

இங்கே எதிர்க்கட்சியார் குறுக்கிட்டு, கம்பெனிகள் வண்டி வண்டியாகக் கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்து, அவற்றின் நடுவில் எங்கோ ஒரு மூலையில் உண்மையைப் புதைத்துவிட்டு, வெளியிட்டுவிட்டேன் என்று சாதிப்பார்களே என்று கேட்கலாம். கேட்பது நியாயமே, ஆனால் சட்டம் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே வழி செய்திருக்கிறது. அதிகாரி முயன்று தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஓர் உண்மை அடங்கிய புத்தகத்தை வெறுமனே முன்னால் வைப்பது மாத்திரம் வெளியிட்டதாக ஆகிவிடாது என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 147-ஆவது பிரிவின் விளக்கமே சொல்லிவந்தது. ஆக, பாதுகாப்புப் பெற்றவன் குவித்தவன் அல்லன். எடுத்துச் சொன்னவன், கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியவன்.

கணக்கு பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் விடை உண்டு. 1993-ல் பூல்சந்த் பஜ்ரங்லால் வழக்கில், கல்கத்தாக் கம்பெனி ஒன்றிடம் கடன் வாங்கியதாகக் காட்டி நிர்ணயத்தை முடித்துக்கொண்ட ஒரு வியாபார நிறுவனத்தின் கணக்கு, அந்தக் கடனே வெறும் பெயரளவில் எழுதப்பட்டது என்று பிற்பாடு தகவல் வந்ததன் பேரில் திறக்கப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டு அதைச் சரியென்றே தீர்த்தது. பொய்யை வெளியிட்டவன் உண்மையை வெளியிட்டவன் ஆகமாட்டான் என்பது இதன் பொருள். ரேமண்ட் உல்லன் மில்ஸ் வழக்கிலோ, நோட்டீஸ் கட்டத்தில் ஆதாரம் போதுமா போதாதா என்று கோர்ட்டு எடை போட்டுப் பார்க்காது, ஆதாரம் என்று ஒன்று இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும் என்று தீர்ப்பாயிற்று. இவ்வளவு இடங்கொடுத்திருக்கும் சட்டத்தை, கள்ளனுக்குக் கதவைத் திறந்துவிட்ட சட்டம் என்று பழிப்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? நீதிமன்றங்கள் வற்புறுத்துவதெல்லாம், 1976-ல் லக்மணி மேவால் தாஸ் வழக்கில் கண்டபடி, அதிகாரியின் கையிலிருக்கும் ஆதாரத்துக்கும் வருமானம் தப்பியது என்ற அவருடைய நம்பிக்கைக்கும் இடையே உயிருள்ள சம்பந்தம் வேண்டும் என்பதே. எவரோ பல பேருக்குப் பெயரளவில் கடன் கொடுத்தார் என்று பொதுவாகத் தெரிந்தால், இவருக்கும் கொடுத்திருப்பார் என்று ஊகித்துக்கொள்வது சந்தேகமாகுமேயன்றி நம்பிக்கையாகாது.

இனி அதிகாரியின் அசதி பற்றிய வாதத்துக்கு வருவோம். ஜனங்களின் மனத்தை மிகவும் கவர்வது இதுவே. ஓர் அதிகாரியின் தவறுக்காக நாடு ஏன் நஷ்டப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கவனிக்காதது, அதிகாரியின் தவற்றைத் திருத்துவதற்கென்றே சட்டத்தில் தனியான வாயில்கள் இருக்கின்றன என்பது. ஆவணத்தைப் பார்த்தமாத்திரத்தில் தெரியும் பிழையை நான்கு ஆண்டுகளுக்குள் திருத்த 154-ஆவது பிரிவு இருக்கிறது. நிர்ணய உத்தரவு பிழையாகவும் வருவாய்க்குப் பாதகமாகவும் இருந்தால், அதைத் தாமே எடுத்துப் பரிசீலித்து மாற்றும் அதிகாரம் 263-ஆவது பிரிவின்படி மேலதிகாரிக்கு இருக்கிறது. அதற்குரிய காலம், உத்தரவு பிறந்த நிதியாண்டு முடிந்து இரண்டு ஆண்டு. மேலதிகாரி கீழதிகாரியைத் திருத்துவது முறை. அதே படியில் இருக்கும் ஓர் அதிகாரி, தம் முன்னவர் எழுதியதைத் தமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகவே தள்ளிவிட்டுப் புதிதாக எழுதுவது எந்த முறையில் சேரும்? இவருக்குப் பின் வருகிறவர் இவர் எழுதியதையும் தள்ளலாமே! மேலதிகாரிக்கே இரண்டாண்டுக்குள் அடங்கிய அதிகாரத்தை, கீழதிகாரி நோட்டீஸ் என்ற வேறொரு பெயரால் எத்தனையோ ஆண்டு கழித்துப் பிரயோகிக்கலாம் என்றால், 263-ஆவது பிரிவை எழுதியதே வீணாகிவிடும்.

கம்பெனியும் அதிகாரியும் கூடிப் பேசி, வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட அதிகாரிக்கு லஞ்சத் தடைச் சட்டம் இருக்கிறது. அவர் உத்தரவுக்கு மேற்சொன்ன பரிசீலனை இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முடிந்த கணக்கைக் காரணமின்றித் திறக்கலாம் என்ற அதிகாரம் எவர் கையில் இருக்கிறதோ அவர் வாசலில், அந்தக் கணக்கு திறக்கப்படாமல் இருப்பதற்காகக் காத்து நிற்கிறவர்களும் இருப்பார்கள். வரம்பில்லாத அதிகாரம் லஞ்சத்தை ஒழித்ததாக எந்த நாட்டுச் சரித்திரத்திலும் நான் படித்ததில்லை.

இந்த விஷயத்தைப் பார்லிமெண்டே ஒரு முறை பரீக்ஷை செய்து பார்க்க முற்பட்டுப் பின்வாங்கியது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1987-ல் நேர்முக வரிச் சட்டங்களைத் திருத்தியபோது, வருமானம் தப்பியது என்று நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்ற பழைய சொற்களை நீக்கிவிட்டு, காரணத்தை எழுதி வைத்துவிட்டு அதிகாரி அபிப்பிராயப்பட்டாலே போதும் என்று மாற்றினார்கள். நாடெங்கும் ஆக்ஷேபம் எழுந்தது. அந்தச் சொற்கள் பல தீர்ப்புகளால் பொருள் நிலைத்தவை, அவற்றை எடுத்துவிட்டால் வெறும் அபிப்பிராய மாற்றத்தால் பழைய கணக்குகளைத் திறக்கும் எதேச்சாதிகாரம் பிறக்கும் என்ற முறையீட்டை ஏற்று, 1989-ல் பார்லிமெண்டு அவற்றைத் திரும்பவும் கொண்டுவந்து வைத்தது. கெல்வினேட்டர் கம்பெனியின் வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு இந்தச் சரித்திரத்தையே ஆதாரமாகக் கொண்டது. மறு நிர்ணயம் செய்யும் அதிகாரம் வேறு, தன் உத்தரவைத் தானே மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் வேறு. பின்னதைச் சட்டம் நிர்ணய அதிகாரிக்குக் கொடுக்கவில்லை. ஆகவே கையில் பிடித்துக் காட்டக்கூடிய புதிய ஆதாரம் ஏதேனும் வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. நீதிபதிகள் கம்பெனிக்குச் சலுகை காட்டினார்கள் என்று இதைச் சொல்வது பொருந்தாது. பார்லிமெண்டு தானே யோசித்து மீண்டும் எழுதிய சொற்களுக்கு அவர்கள் உரிய மதிப்பைக் கொடுத்தார்கள்.

கள்ளமில்லாதவன் ஏன் அஞ்ச வேண்டும் என்ற கேள்விக்குத் தனியாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் எல்லா அதிகாரப் பெருக்கத்துக்கும் முன்னால் இந்தக் கேள்விதான் கட்டியம் கூறிக்கொண்டு வருகிறது. ஒரு கம்பெனியின் கணக்கு, ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்திட்டு, பங்குதாரர் சபையில் வைத்து, டிவிடெண்டும் கொடுத்து முடித்த கணக்கு. அந்த ஆண்டின் லாபத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் பங்குகளை விற்றுவிட்டுப் போயிருப்பார்கள். புதிதாக வாங்கியவர்கள், பழைய வரி தீர்ந்துபோயிற்று என்று நம்பியே விலை கொடுத்திருப்பார்கள். அன்றைய டைரக்டர்கள் விலகியிருப்பார்கள். கணக்கு எழுதிய குமாஸ்தா ஓய்வு பெற்றிருப்பார். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. புத்தகம் இருந்தாலும், ஒரு செலவு ஏன் செய்யப்பட்டது, ஒரு ஒப்பந்தம் எந்த நிலைமையில் ஏற்பட்டது என்று வாய்திறந்து சொல்லும் மனிதர்கள் இருக்கமாட்டார்கள். மறு நிர்ணயத்தில் வரி கூடினால், கூடிய வரியோடு மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் வட்டி சேரும். குறைத்துக் காட்டியதாகத் தீர்மானித்தால் அந்த வரியில் பாதியும், தவறாகக் காட்டியதாகத் தீர்மானித்தால் இரு மடங்கும் அபராதம் சேரும். வட்டி ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் தூங்கியது இலாகா. வட்டியைக் கொடுப்பவர்கள் இன்றைய பங்குதாரர்கள். இதற்கு அஞ்சாமல் எதற்கு அஞ்சுவது?

காலம் கடந்தால் கடன் கொடுத்தவனுடைய வழக்கும் விழுந்துவிடுகிறது. நிலத்தின் மீதுள்ள உரிமையே போய்விடுகிறது. அவையும் உண்மையாகவே சேரவேண்டியவைதாம். ஆயினும் விவகாரங்களுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதற்காகச் சட்டம் அந்த நஷ்டத்தைப் பிரஜைகளின் தலையில் சுமத்துகிறது. பரசுராம் பாட்டரி ஒர்க்ஸ் கம்பெனியின் வழக்கில் 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு இதையே வரிக்கும் பொருத்திச் சொன்னது. பிரஜையிடம் எதிர்பார்க்கும் விழிப்பை ராஜ்யத்திடமும் எதிர்பார்ப்பது எவ்விதத்தில் அதிகப்படி?

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று, நான் சொல்லும் கோடு எவ்வளவு நுட்பமாக நீதிமன்றத்தில் பிரயோகமாகிறது என்பதைக் காட்டும். நியூ டெல்லி டெலிவிஷன் கம்பெனியின் பிரிட்டிஷ் துணைக் கம்பெனி 10 கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களை வெளியிட்டிருந்தது. 2008-09-ஆம் ஆண்டுக்குரிய நிர்ணயம் 2012 ஆகஸ்டில் முடிந்தது. 2015 மார்ச் 31-ஆம் தேதி, அந்தப் பணம் உண்மையில் கம்பெனியின் சொந்தப் பணமே என்ற சந்தேகத்தின் பேரில் நோட்டீஸ் பிறந்தது. 2020 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு முதலில் இலாகாவின் பக்கமே பேசிற்று: வருமானம் தப்பியது என்று நம்புவதற்குக் காரணம் இருந்தது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் நான்காண்டு கடந்துவிட்டபடியால், கம்பெனி அடிப்படை உண்மைகளை மறைத்ததா என்று அடுத்தபடியாகக் கேட்டது. பத்திரங்களைப் பற்றிய விவரங்கள் நிர்ணய காலத்திலேயே அதிகாரியின் முன் இருந்தன. ஆகையால் நோட்டீஸ் நிற்காது என்று தீர்த்தது. வெளிநாட்டுச் சொத்துக்கு 16 ஆண்டு அவகாசம் உண்டு என்று இலாகா பிற்பாடு சொன்ன வாதத்தை, நோட்டீஸில் அது இல்லாததால் ஏற்கவில்லை. ஆனால் சட்டம் அனுமதித்தால் அந்த ஷரத்தின் கீழ் புதிய நோட்டீஸ் அனுப்பத் தடையில்லை என்றும் விட்டது. பணக்காரனைத் தப்பவிடும் கோர்ட்டு இப்படியா தீர்ப்பு எழுதும்?

பணக்காரன் என்ற சொல்லையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு டில்லியிலும் பம்பாயிலும் பெரிய வக்கீல்கள் இருக்கிறார்கள். எல்லை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எப்படியோ பிழைத்துக்கொள்ளும். திருப்பூரில் பனியன் தைக்கும் ஒரு சிறு பிரைவேட் லிமிடெட் கம்பெனியையோ, கோயமுத்தூரில் பம்ப் உதிரிபாகம் வார்க்கும் ஒரு பட்டறையையோ எண்ணிப் பாருங்கள். அங்கே முதலாளியே மானேஜர். ஊரிலுள்ள ஆடிட்டரே சட்ட ஆலோசகர். இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டத்தில் எழுதிய தெளிவான எல்லை ஒன்றுதான் துணை. பெரியவர்களை அடிப்பதற்காக எல்லையை எடுத்துவிடுங்கள் என்று சொல்பவர்கள், அடி எவர்மீது விழும் என்பதை நினைப்பதில்லை.

இப்பொழுதுள்ள சட்டத்தின் நிலை என்ன? 2021-ல் பார்லிமெண்டு இந்தப் பிரிவுகளையெல்லாம் அடியோடு மாற்றி எழுதியது. அதில் நன்மையும் உண்டு. நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே தகவலைக் காட்டிக் காரணம் கேட்க வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தரவேண்டும், பதிலை ஆராய்ந்து உத்தரவு எழுத வேண்டும் என்ற 148ஏ பிரிவை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஜி.கே.என். டிரைவ்ஷாஃப்ட்ஸ் வழக்கில் 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த முறை, நோட்டீஸுக்கு முந்திய கட்டத்திலேயே இதன் மூலம் சட்டமாயிற்று. ஆனால் அதே கையால், பூரணமாக வெளியிட்டவனுக்கு நான்காண்டுக்குப் பின் விடுதலை என்ற ஷரத்தை அழித்துவிட்டார்கள். 2024 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள எல்லை, சாதாரணமாக மூன்றாண்டு மூன்று மாதம். தப்பிய தொகை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருக்கும் என்று காட்டும் கணக்கோ ஆவணமோ கையில் இருந்தால் ஐந்தாண்டு மூன்று மாதம்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். முன்பு, ஒரு லட்சத்துக்குக் குறையாத வருமானத்தை மறைத்தவனை ஆறாண்டு வரை தொடரலாம். மறைக்காதவனை நான்காண்டோடு விட்டுவிட வேண்டும். இன்றோ 50 லட்சத்துக்கு மேற்பட்ட விஷயத்தில் இருவருக்கும் ஒரே ஐந்தாண்டு மூன்று மாதம். மறைத்தவனுக்கு ஒன்பது மாதம் குறைந்தது. மறைக்காதவனுக்கு ஓராண்டு மூன்று மாதம் கூடியது. 50 லட்சம் என்பது ஒரு கம்பெனிக்குப் பெருந்தொகையும் அன்று. ஓர் இயந்திரத்தின் தேய்மானம் எந்த விகிதத்தில் என்ற ஒரே ஒரு சட்டத் தகராறு அதைத் தாண்டிவிடும். மேலும், அந்தக் கணக்கும் ஆவணமும் எங்கிருந்து வந்தவை என்று பிரிவு கேட்கவில்லை. கம்பெனி தானே முன்வந்து கொடுத்த கணக்குப் பதிவையே அதற்கு எதிரான ஆதாரமாக வைத்துக்கொள்ள ஓர் அதிகாரி துணியலாம். வெளியிட்டாலும் பயன் இல்லை, மறைத்தாலும் அதிகத் தீங்கு இல்லை என்று ஒரு சட்டம் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், அடுத்த ஆண்டு ரிட்டர்ன் எழுதும்போது கம்பெனியின் ஆடிட்டர் எவ்வளவு விவரம் எழுதும்படி ஆலோசனை சொல்வார்? வருமானவரி முழுவதும் பிரஜை தானாக முன்வந்து சொல்வதை நம்பியே நடக்கிறது. சொல்பவனுக்குக் கிடைத்துவந்த ஒரே பலனைப் பறித்துவிட்டுக் கஜானா நிறையும் என்று எதிர்பார்ப்பது விவேகம் ஆகாது.

இலாகாவின் நிர்ணயங்களைத் தணிக்கை செய்பவர்கள் எழுப்பும் ஆடிட் ஆட்சேபணை விஷயத்தில் செய்த மாறுதலும் இதே ரகத்தைச் சேர்ந்தது. இந்தியன் அண்டு ஈஸ்டர்ன் நியூஸ்பேப்பர் சொசைட்டியின் வழக்கில் 1979-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஆடிட் குழுவினர் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினால் அது தகவல்; சட்டத்துக்கு அவர்கள் கூறும் வியாக்கியானம் தகவல் ஆகாது என்று பிரித்தது. சட்டத்துக்குப் பொருள் சொல்லும் பொறுப்பு நிர்ணய அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது என்பதே அதன் காரணம். 2022-ல் செய்த திருத்தமோ, நிர்ணயம் சட்டப்படி செய்யப்படவில்லை என்று சொல்லும் எந்த ஆடிட் ஆட்சேபணையையும் தகவல் என்று ஆக்கிவிட்டது. தாம் எழுதியது சரியென்று நம்பும் ஓர் அதிகாரிகூட, ஆட்சேபணை வந்துவிட்டதே என்ற அச்சத்தால் கணக்கைத் திறக்கும் நிலைமை இதனால் ஏற்படுகிறது. அபிப்பிராய மாற்றத்துக்கு இடமில்லை என்ற கொள்கை புதிய பிரிவுகளிலும் உயிரோடிருக்கிறது என்று பம்பாய் ஹைகோர்ட்டு 2023-ல் சீமென்ஸ் பைனான்ஷியல் சர்வீசஸ் வழக்கில் கூறியிருப்பது ஆறுதல் தருகிறது. ஆனால் சட்டத்தில் எழுதியிருக்க வேண்டியதை ஒவ்வொரு பிரஜையும் ரிட் போட்டுப் பெற வேண்டியிருப்பது நல்ல சட்டத்தின் லக்ஷணம் அன்று.

எல்லைகளால் சர்க்கார் மிகவும் கஷ்டப்படுகிறது என்று இன்னமும் நினைப்பவர்கள் சுப்ரீம் கோர்ட்டின் 2022 மே மாதத்துத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் புதிய சட்டம் அமலுக்கு வந்த பிறகும், இலாகா பழைய பிரிவின் கீழேயே சுமார் 90,000 நோட்டீஸ்களை அனுப்பியது. பல ஹைகோர்ட்டுகள் அவற்றை ரத்து செய்தன. புதிய சட்டமே பொருந்தும் என்று அவை கூறியது சரியே என்று சுப்ரீம் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. ஆயினும் பொதுப்பணம் நஷ்டமாகலாகாது என்று கருதி, அரசியல் சாசனத்தின் 142-ஆவது ஷரத்திலுள்ள தன் விசேஷ அதிகாரத்தைப் பிரயோகித்து, அந்த நோட்டீஸ்களையெல்லாம் 148ஏ பிரிவின் கீழ் அனுப்பிய நோட்டீஸ்களாகப் பாவித்து உயிர்கொடுத்தது. அவ்வளவு பெரிய பிழைக்கும் ராஜ்யத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்வதில் ஒரு நாள் தாமதித்த பிரஜைக்கு இப்படி ஒரு மன்னிப்பு எளிதில் கிடைப்பதில்லை.

2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நடப்புக்கு வரும்படி பார்லிமெண்டு இயற்றியிருக்கும் 2025-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம் பழைய சட்டத்தின் நடையை எளிமையாக்கியது, பிரிவுகளைச் சுருக்கியது, ஆனால் பூரணமாக வெளியிட்டவனுக்குரிய பாதுகாப்பைத் திரும்ப எழுதவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நிதி மசோதா வருகிறது. அதில் ஒரே ஒரு ஷரத்தைச் சேர்த்தால் போதும். நிர்ணய காலத்தில் முக்கியமான உண்மைகளைப் பூரணமாகவும் யதார்த்தமாகவும் வெளியிட்டவனுடைய கணக்கை, தொகை எவ்வளவாயினும், மூன்றாண்டு மூன்று மாதத்துக்குப் பின் திறக்கலாகாது என்பதே அந்த ஷரத்து. நம் தொகுதிகளிலிருந்து பார்லிமெண்டுக்குப் போயிருக்கும் அங்கத்தினர்கள் அடுத்த நிதி மசோதாவின்போது இந்தத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும்; வர்த்தக சபைகளும், ஆடிட்டர்களின் சங்கங்களும், வரி செலுத்தும் ஒவ்வொருவரும் அதை அவர்களிடம் எழுதிக் கேட்க வேண்டும்.